அலறலும் அவதானமும்: ஜேமி லீ கேர்ட்டிஸின் நடிப்பு – ஒரு மதிப்பீடு

உள்ளத்தில் நிகழ்வது உடலில் வெளிப்படுவதே மெய்ப்பாடு. தொல்காப்பியம் மெய்ப்பாடுகளை எட்டாக வகுத்து, அவற்றுள் அச்சத்துக்கும் ஓர் இடம் அளித்தது. அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என அச்சம் பிறக்கும் நிலைக்களன்கள் நான்கினையும் அது வரையறுத்தது. நகைக்கும் அழுகைக்கும் பெருமிதத்துக்கும் உள்ள தகுதி அச்சத்துக்கும் உண்டென்பதே அவ்வகுப்பின் உட்கிடை. ஆனால் இருபதாம் நூற்றாண்டின் தலையாய வெகுசனக் கலையாகிய சினிமாவைப் பற்றிய திறனாய்வில் அத்தகுதி அச்சத்துக்கு எளிதில் வழங்கப்படவில்லை. அழுகையை நன்கு நடித்தவர் கலைஞர் எனப்பட்டார்; அச்சத்தை நன்கு நடித்தவரோ, அதிலும் அவர் பெண்ணாயின், 'அலறல் அரசி' என்ற பட்டத்துடன் ஒதுக்கப்பட்டார். பட்டம் புகழ்ச்சிபோல் ஒலிப்பினும் அதனுள் அமைந்திருப்பது மதிப்பிறக்கமே. தொண்டையின் வலிமையைப் பாராட்டி நடிப்பின் நுட்பத்தை மறைக்கும் சொல் அது.

இப்பட்டத்தை மிக நீண்டகாலம் சுமந்தவர் அமெரிக்க நடிகையான ஜேமி லீ கேர்ட்டிஸ். 1978இல் வெளிவந்த 'ஹலோவீன்' என்னும் திகிற்படத்தில் லோரி ஸ்ட்ரோட் என்ற பள்ளி மாணவியாகத் தோன்றிய அவர், 2022இல் வெளிவந்த 'ஹலோவீன் எண்ட்ஸ்' வரை, இடையிட்டு இடையிட்டு, நாற்பத்துநான்கு ஆண்டுகள் அதே பாத்திரத்தை ஏற்றார். அவரது வாழ்க்கையை எழுதுவோர் பலரும் அதனை ஒரு மீட்சிக் கதையாகவே எழுதுகின்றனர்: மலிவான திகிற்படங்களிற் தொடங்கி, நகைச்சுவைப் படங்களால் உயர்ந்து, ஈற்றில் ஒஸ்கார் விருதினால் தூய்மை பெற்றார் என்பது அக்கதை. இக்கூற்று மீளாய்வுக்குரியது. கேர்ட்டிஸ் திகிற்படத்திலிருந்து தப்பி வந்து நடிகையானவர் அல்லர். பின்னர் அவர் புகழ்பெற்ற நடிப்பின் அடிப்படைகள் யாவும் அம்முதற் படத்திலேயே அமைந்துவிட்டன. அவற்றைக் காணத் திறனாய்வுலகம் தவறியது என்பதே உண்மை.

கேர்ட்டிஸ் 1958 நவம்பர் 22ஆந் திகதி பிறந்தவர். தந்தை டோனி கேர்ட்டிஸ். தாய் ஜனட் லீ. இருவரும் ஹொலிவூட்டின் புகழ்பெற்ற நட்சத்திரங்கள். அல்பிரட் ஹிட்ச்கொக்கின் 'சைக்கோ' (1960) படத்தில், நீராடும்போது கத்தியாற் குத்திக் கொல்லப்படும் பெண்ணாகத் தோன்றியவர் ஜனட் லீ. மகள் தொழிலுக்கு வந்தபோது தொழிற்றுறை அவருக்கு முதலில் வழங்கியது பெற்றோரின் நிழலையே. 1977இல் அவர் நடித்த 'ஒப்பரேஷன் பெற்றிக்கோட்' என்னும் தொலைக்காட்சித் தொடர், தந்தை 1959இல் நடித்த படமொன்றின் மறுவடிவம். 'ஹலோவீன்' படத்துக்கு அவர் தெரிவு செய்யப்பட்டமைக்கும், 'சைக்கோ' நாயகியின் மகள் என்ற விளம்பரப் பெறுமதி ஒரு காரணமாயிற்று. திறமை அறியப்படுவதற்கு முன்னரே பெயர் விலைபோயிற்று எனலாம்.

ஜோன் கார்ப்பென்டர் நெறிப்படுத்த, அவரும் டெப்ரா ஹில்லும் இணைந்து எழுதிய 'ஹலோவீன்', 3 இலட்சம் டொலருக்குச் சற்று மேற்பட்ட செலவில், ஏறத்தாழ மூன்று வாரங்களில் கலிபோர்னியாவிற் படமாக்கப்பட்டது. பத்தொன்பது வயதினரான கேர்ட்டிஸுக்குக் கிடைத்த ஊதியம் 8,000 டொலர். ஐக்கிய அமெரிக்காவில் மட்டும் படம் ஈட்டியது ஏறத்தாழ 4 கோடி 70 இலட்சம் டொலர். இவ்விரு தொகைகளையும் அருகருகே வைத்து நோக்குமிடத்து, திகிற்படம் என்னும் வகை ஏன் பெருகியது என்பதும், அதில் உழைத்தோர் ஏன் 'கலைஞர்' என அழைக்கப்படவில்லை என்பதும் ஒருங்கே விளங்கும். மலிவாகப் பெறப்படும் உழைப்பு மலிவானதாகவே கருதப்படும் என்பது கலைத்துறைக்கும் பொருந்தும் சமூக விதி.

படத்தின் கதை எளிமையானது. சிறுவயதில் தன் தமக்கையைக் கொன்ற மைக்கல் மையர்ஸ் என்பவன், பதினைந்து ஆண்டுகளின் பின் மனநோய் மருத்துவமனையிலிருந்து தப்பித் தன் ஊருக்கு மீள்கின்றான். சிறுவர் வேடமிட்டு வீடுவீடாகச் செல்லும் ஒக்டோபர் 31ஆந் திகதி இரவில், வெண்ணிற முகமூடி அணிந்து இளைஞரைக் கொல்கின்றான். லோரியோ பெற்றோர் வெளியே செல்லும் இரவுகளிற் கூலிக்குக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் மாணவி. 'குழந்தை பார்ப்போர் கொலைகள்' என்ற பொருள்படும் தலைப்பே படத்துக்கு முதலில் எண்ணப்பட்டிருந்தது. கொலைஞனை நடிகர் பட்டியல் 'உருவம்' என்றே குறிக்கின்றது. அவன் பேசுவதில்லை, காரணம் கூறுவதில்லை, விரைவதுமில்லை. அணங்கா கள்வனா எனப் பிரித்தறிய இயலாத அச்சம் அது.

இத்தகைய படத்தில் நடிகையின் பணி அலறுவதே என எண்ணுவது இயல்பு. ஆனால் படத்தைக் கூர்ந்து நோக்குவோர் வேறொன்றைக் காண்பர். படத்தின் பெரும்பகுதியில் லோரி அலறுவதேயில்லை, கவனிக்கின்றாள். வகுப்பறையில் ஆசிரியை விதியைப் பற்றி விளக்கிக்கொண்டிருக்க, லோரியின் பார்வை யன்னலுக்கு வெளியே செல்கின்றது. வீதிக்கு அப்பால் ஒரு வாகனமும் அதனருகே ஓர் உருவமும் நிற்கின்றன. ஆசிரியை வினாவெழுப்புகின்றார், லோரி சரியான விடையைக் கூறுகின்றாள், மீண்டும் பார்க்கும்போது அங்கு யாருமில்லை. இச்சிறு காட்சியில் கேர்ட்டிஸ் ஒரே வேளையில் மூன்று செயல்களை நடிக்கின்றார்: பாடத்துக்குச் செவிகொடுத்தல், வெளியே கண்டதை எடைபோடல், கண்டது பொய்யோ எனத் தன்மீதே ஐயுறல். பின்னர் வேலியோரத்திலும், உலரும் துணிகளுக்கிடையிலும் அவ்வுருவம் தோன்றி மறைகின்றது. ஒவ்வொரு தடவையும் அவரது முகத்தில் அச்சத்துக்கு முன்னதாக வருவது ஐயம்; ஐயத்துக்குப் பின் வருவது நாணம். தான் வீணாகப் பயப்படுகின்றோமோ என்று வெட்கும் இளம்பெண்ணின் அந்நாணமே பாத்திரத்துக்கு உயிரூட்டுகின்றது.

காட்சிகள் கதை ஒழுங்கிற் படமாக்கப்படாமையால், ஒவ்வொரு காட்சியிலும் லோரியின் அச்சம் எவ்வளவினதாக இருத்தல் வேண்டும் என்பதைச் சுட்ட ஓர் 'அச்சமானி'யை வகுத்து நெறியாளர் நடிகைக்கு உதவினார் என்பது பதிவாகியுள்ளது. இச்செய்தி வேடிக்கைக்குரியதன்று. அச்சம் என்பது உண்டு அல்லது இல்லை என்றிருக்கும் ஒற்றை உணர்ச்சியன்று, படிப்படியாக ஏறியிறங்கும் அளவுகளை உடையது என்பதை அது காட்டுகின்றது. துண்டு துண்டாக, முன்பின் மாறி எடுக்கப்பட்ட காட்சிகளினூடே அவ்வேற்றத்தைத் தொடர்ச்சி குன்றாது பேணிய ஒருவரை வெறும் அலறற்காரி என்பது பொருந்தாது.

அலறல் ஈற்றில் வரத்தான் செய்கின்றது. எதிர்வீட்டில் நண்பர்களின் உடல்களைக் கண்டு, கத்தியாற் காயமுற்று, மாடிப்படியிலிருந்து வீழ்ந்து, வீதிக்கு ஓடிவரும் லோரி அயல் வீடொன்றின் கதவைத் தட்டி உதவி கேட்டுக் கதறுகின்றாள். விளக்கு எரிகின்றது, யாரோ யன்னல் மறைப்பை விலக்கிப் பார்க்கின்றனர், மறைப்பு மூடப்படுகின்றது, விளக்கு அணைகின்றது. படத்தின் மிகக் கொடிய கணம் இதுவே எனத் துணிந்து கூறலாம். முகமூடி அணிந்தவன் புறத்தேயுள்ள அச்சம். அணையும் விளக்கோ சமூகத்தின் அகத்தேயுள்ள அச்சம். ஒழுங்கும் வசதியும் மிக்க அமெரிக்கப் புறநகரின் மத்தியதர வர்க்கம், தன் வாயிலில் நின்று கதறும் பெண்ணின் குரலைக் கேட்டும் கேளாதிருக்கும் இயல்பை அக்கணம் வெளிப்படுத்துகின்றது. கேர்ட்டிஸின் அலறல் இவ்விடத்திலேயே பொருள் பெறுகின்றது. அது பார்வையாளரைச் சிலிர்க்கவைக்கும் ஒலியன்று. மறுமொழி பெறாத விண்ணப்பம். கொலைஞன் வீழ்ந்தபின், அவன் சிறுவர் அஞ்சும் பூச்சாண்டிதானோ என்று குழந்தைபோல் விம்மி வினாவும் அவரது இறுதி வசனத்தில், வளர்ந்தோர் உலகின்மீது கொண்ட நம்பிக்கை முற்றாகக் குலைந்துவிட்டமை புலனாகின்றது.

லோரி ஏன் உயிர்பிழைத்தாள் என்ற வினா திறனாய்வாளரிடையே நெடுநாள் விவாதிக்கப்பட்டது. ஏனைய இளைஞர் காமக் களியாட்டத்தில் ஈடுபட்டமையால் மாண்டனர், கற்பு பேணியமையால் லோரி பிழைத்தாள் என்ற விளக்கம் பரவலானது. கார்ப்பென்டர் இதனை மறுத்தார். மற்றையோர் வேறு நாட்டங்களில் மூழ்கியிருந்தமையால் ஆபத்தைக் காணவில்லை என்பதே அவரது விளக்கம். 1987இல் கரல் குளோவர் தமது கட்டுரையில் 'இறுதிப் பெண்' என்னும் கருத்தை முன்வைத்தார். 1992இல் வெளியான நூலில் அதனை விரித்தார். கொலைகள் யாவும் முடிந்தபின் எஞ்சி நின்று எதிர்க்கும் பெண், இளம் ஆண் பார்வையாளர் தம் அச்சத்தை ஏற்றிப் பார்ப்பதற்கான உருவே என்பது அவர் வாதத்தின் சாரம். இவ்வாதம் திகிற்பட ஆய்வில் ஒரு திருப்பமாக அமைந்தது என்பதில் ஐயமில்லை. ஆயினும் இதற்கும் ஓர் எல்லை உண்டு. வகைமாதிரியை நோக்கும் கண் அவ்வகைமாதிரிக்கு உடல் தந்த கலைஞரைக் காண்பதில்லை. பின்வந்த பல படங்களில் 'இறுதிப் பெண்கள்' தோன்றினர். அவர்களுட் பலர் மறக்கப்பட்டனர். லோரி மறக்கப்படாமைக்குக் கதையமைப்பு மட்டும் காரணமாயின் ஏனையோரும் நிலைத்திருக்க வேண்டும். அவதானத்தை ஒரு மெய்ப்பாடாக ஆக்கிக்காட்டிய நடிப்பே வேறுபாட்டின் காரணம்.

ஆனால் தொழிற்றுறை விலைக்குக் கொண்டது அவதானத்தை அன்று, அலறலையே. 1980இல் 'த ஃபொக்', 'புரொம் நைற்', 'ரெரர் ரெயின்' ஆகிய மூன்று படங்களிலும், 1981இல் 'ரோட்கேம்ஸ்', 'ஹலோவீன் 2' ஆகியவற்றிலும் அவர் நடித்தார். மூன்றாண்டுகளுள் ஆறு திகிற்படங்கள். இவற்றுள் 'ஹலோவீன் 2' தனியே நோக்கத்தக்கது. முதற் படம் முடிந்த அதே இரவிற் தொடங்கும் இப்படம் லோரியை மருத்துவமனைக் கட்டிலிற் கிடத்தி, மருந்தினால் மயக்கி, பெரும்பகுதியும் பேச்சற்றவளாக வைக்கின்றது. கவனித்து அறிபவளாக இருந்தவள் வெறும் இரையாக்கப்பட்டாள். மேலும், அவள் கொலைஞனின் தங்கை என்ற புதிய செய்தியும் புகுத்தப்பட்டது. காரணமற்ற தீமை எவர் வாயிலையும் தட்டலாம் என்ற முதற் படத்தின் பேரச்சம், இதனாற் குடும்பப் பகையாகச் சுருங்கிற்று.

1983இல் ஜோன் லாண்டிஸின் 'ரேடிங் பிளேசஸ்' நகைச்சுவைப் படத்தில் ஒபீலியா என்ற விலைமாதாக நடித்து, பிரித்தானியாவின் 'பாஃப்ற்றா' துணை நடிகை விருதைப் பெற்றார். 'எ ஃபிஷ் கோல்ட் வொண்டா' (1988), 'ரூ லைஸ்' (1994) ஆகியவை தொடர்ந்தன. இவற்றையே அவரது விடுதலை எனப் பலர் கருதுவர். இங்கும் நிதானம் வேண்டும். அலறலை விற்ற சந்தை இப்போது உடலை விற்கத் தலைப்பட்டது. 1985இல் உடற்பயிற்சி ஆசிரியையாக அவர் தோன்றிய 'பேர்ஃபெக்ட்' இதற்குச் சான்று. 'ரூ லைஸ்' படத்தின் புகழ்பெற்ற விடுதியறைக் காட்சியில், இருளில் அமர்ந்திருப்பவன் தன் கணவனே என்பதை அறியாத மனைவி அவன்முன் ஆடநேர்கின்றது. இருளிலிருந்து நோக்கும் ஆடவன், நோக்கப்படுவதை உணர்ந்து தடுமாறும் பெண்: 'ஹலோவீன்' அமைத்த நிலையே இங்கு நகைச்சுவையாக மாறுகின்றது. அக்காட்சி முன்வைக்கும் கருத்து கண்டிக்கத்தக்கதே. ஆயினும் அச்சம், நாணம், துணிவு ஆகியவற்றினிடையே கணத்துக்குக் கணம் மாறி, ஆடும்போதே இடறிவீழ்ந்து சமாளித்தெழும் நடிப்பு கேர்ட்டிஸுடையது. நகைச்சுவைக்கும் அச்சத்துக்கும் பொதுவானது காலக் கணிப்பு. எக்கணத்தில் தயங்குவது, எக்கணத்தில் உடல் துள்ளுவது என்னும் அறிவு. அதனை அவர் கற்றது திகிற்படத்திலேயே.

கத்ரின் பிகலோவின் 'புளூ ஸ்டீல்' (1990) இவ்விரு போக்குகளுக்கும் அப்பாற்பட்டது. இளம் பொலிஸ் உத்தியோகத்தரான ஒரு பெண், தன்னைத் தொடரும் கொலைஞனை இனங்கண்டு கூறியும் மேலதிகாரிகள் நம்ப மறுக்கின்றனர். 1978இல் அணைந்த விளக்கே இங்கு அலுவலக உருவெடுக்கின்றது. தான் கண்டதைக் கண்டதாக நம்பும் உறுதி, அதனைப் பிறர் ஏற்காதபோது எழும் தனிமை ஆகியவற்றை நடிப்பதில் கேர்ட்டிஸுக்கு நிகரானோர் சிலரே என்பதை இப்படம் உறுதிசெய்தது. பெரிதும் போற்றப்படாத இப்படம் அவரது வாழ்க்கையின் மையத்தில் வைத்து எண்ணத்தக்கது.

அவர் இல்லாத காலத்தும் தொடர் அவரது பெயரை விடவில்லை. 1988இல் வெளிவந்த நான்காம் படம் லோரி விபத்தில் இறந்துவிட்டாள் எனக் கூறி, அவளது மகளைக் கதைத்தலைவியாக்கியது. அச்சிறுமிக்கு இடப்பட்ட பெயர் ஜேமி. இருபதாண்டு நிறைவில், 1998இல் 'ஹலோவீன் எச்20' படத்தின் வாயிலாகக் கேர்ட்டிஸ் மீண்டார். ஜனட் லீயும் ஒரு சிறு பாத்திரத்திற் தோன்றினார். இங்கு லோரி, பெயரை மாற்றிக்கொண்டு, மதுவின் துணையுடன் இரவுகளைக் கழிக்கும் பாடசாலை அதிபர். மகனை வெளியே அனுப்பிவிட்டு, வாயிலை உள்ளிருந்து பூட்டி, கோடரியுடன் திரும்பி நின்று கொலைஞனின் பெயரைச் சொல்லி அழைக்கின்றார். இருபதாண்டுகளுக்கு முன் உதவி கோரிய அதே குரல் இங்கு அறைகூவலாகின்றது. தொடரின் உச்சமான கணங்களுள் இதுவும் ஒன்று. ஆனால் வணிகம் அம்முடிவைப் பொறுத்துக்கொள்ளவில்லை. 2002இல் வந்த அடுத்த படம், லோரி கொன்றது வேறொருவனை எனக் கூறி, தொடக்கத்திலேயே அவளைக் கொன்றுவிட்டது. அதே ஆண்டில் கேர்ட்டிஸ் ஒரு சஞ்சிகைக்கு ஒப்பனையும் ஒளிப்பட மெருகூட்டலும் இன்றிக் காட்சியளித்தமை குறிப்பிடத்தக்கது. பிறர் ஆக்கிய பிம்பத்தைக் களைந்து தன்னைத்தானே காட்டும் முயற்சி அது.

2018 முதல் 2022 வரை டேவிட் கோர்டன் கிறீன் நெறிப்படுத்திய மூன்று படங்கள் இடைப்பட்ட கதைகள் யாவற்றையும் விலக்கி, முதற் படத்திலிருந்தே நேராகத் தொடர்ந்தன. 2018ஆம் ஆண்டுப் படத்தின் நிறைவேற்றுத் தயாரிப்பாளருள் கேர்ட்டிஸும் ஒருவர். ஏறத்தாழ 1 கோடி டொலர் செலவிலான அப்படம் உலகெங்கும் 25 கோடி டொலருக்கு மேல் ஈட்டியது. நாற்பது ஆண்டுகளாக அரணமைத்து வாழும் லோரி, மகளாலும் ஒதுக்கப்பட்ட முதியவள். வகுப்பறையில் அமர்ந்திருக்கும் பேர்த்தி யன்னலினூடே நோக்க, வீதிக்கு அப்பால் நிற்பவள் லோரி. அன்று உருவம் நின்ற இடத்தில் இன்று பாட்டி நிற்கின்றாள். தப்பியவளின் அச்சமே அடுத்த தலைமுறையைத் தொடரும் நிழலாகிவிட்டமையை, சொல்லின்றி, கலங்கிய முகத்துடன் நிற்கும் நிலையாலேயே கேர்ட்டிஸ் உணர்த்துகின்றார்.

எனினும் தொடர்ந்த படங்கள் இத்தரத்தைப் பேணவில்லை. 'ஹலோவீன் கில்ஸ்' (2021) லோரியை மீண்டும் மருத்துவமனையில் முடக்கி, உளக்காயம் பற்றிய பிரசங்கங்களை அவர் வாயில் இட்டது. ஈற்றுப் படத்தில், ஊரின் துயரங்களுக்கு லோரியே காரணம் எனப் பாதிக்கப்பட்டோர் அவரைப் பழிக்கும் காட்சி மட்டும் கூர்மையானது. உதவி கேட்டபோது விளக்கை அணைத்த சமூகம், உயிர்பிழைத்தமைக்காக அவள்மீதே குற்றம் சுமத்துகின்றது. அச்சமூகத்தை மேலும் ஆராயாது தனிமனிதப் போரிலேயே கதை முடிவது இத்தொடரின் குறைபாடு.

2023 மார்ச்சில், 'எவ்ரிதிங் எவ்ரிவெயர் ஓல் அட் வன்ஸ்' படத்தில் வரி அலுவலர் டீயட்ராவாக நடித்தமைக்காகக் கேர்ட்டிஸ் துணை நடிகைக்கான ஒஸ்கார் விருதைப் பெற்றார். தாயும் 'சைக்கோ' படத்துக்காக அதே விருதுக்கு முன்மொழியப்பட்டு, பெறாது போனவர். அவ்வாண்டு போட்டியிட்ட அஞ்சலா பாஸற், அதே படத்தில் நடித்த ஸ்டெபனி சூ ஆகியோருள் ஒருவரே தகுதி மிக்கவர் எனக் கருதியோர் பலர். அக்கருத்தில் நியாயம் உண்டு. ஒரு பாத்திரத்துக்காக அன்றி, நெடுங்காலப் பணிக்காகவே விருது வழங்கப்பட்டதெனின், அது காலங்கடந்து செலுத்தப்பட்ட கடன். ஆயினும் அப்பாத்திரத்திலும் பழைய நடிப்பின் சுவடு உண்டு. வயிற்றின் தொய்வை மறையாது, உணர்ச்சியற்ற முகத்துடன் நாயகியைத் துரத்திவரும் டீயட்ராவில் முகமூடி அணிந்த உருவத்தின் நடையைக் காணலாம். துரத்தப்பட்டவர் துரத்துபவரின் இலக்கணத்தையும் கற்றிருந்தார். மேடையில் நின்று, தமது வகைப்படங்களை நெடுங்காலம் ஆதரித்த இரசிகரும் தம்முடன் சேர்ந்தே அவ்விருதை வென்றனர் என அவர் கூறியமை வெறும் உபசாரமன்று. தாம் எங்கிருந்து வந்தவர் என்பதை மறைக்க மறுத்த கூற்று அது.

ஆகவே கேர்ட்டிஸின் கலைவாழ்வு திகிற்படத்திலிருந்து விடுபட்ட கதையன்று. அச்சத்தை மலினப்படுத்திய ஒரு தொழிற்றுறைக்குள் நின்று, அச்சமும் அறிவின் ஒரு வடிவமே என்பதைத் தம் உடலால் நிறுவிய ஒருவரின் கதை அது. அஞ்சுபவள் முதலிற் காண்பவள், கண்டதைக் கூறுபவள், கூறியும் கேட்கப்படாதவள். அவளது குரலை 'அலறல்' என்று மட்டும் பெயரிட்டு நகரும் திறனாய்வும், யன்னல் மறைப்பை மூடி விளக்கை அணைத்த அந்த அயல்வீட்டாரின் செயலையே செய்கின்றது.